கரைச்சீட்டு

தொண்ணூற்றேழாம் நாள்
தஸ்நேவிசுக்கு ஒரு பகல் கொடுத்திருக்கிறார்கள்.
குஷிரோ என்று ஊர். சோளம் இறக்குகிறது கப்பல்.
கரைச்சீட்டில் மாலை ஆறு மணி என்று போட்டிருக்கிறதாம்.

எனக்குக் காலை ஆறரை. எடைமேடையில்
உப்பு லாரி ஒன்று ஏறி நின்று மூச்சுவிடுகிறது.
அவனுக்கு மணி பத்து.
மூன்றரை மணி நேரம் எனக்கு முன்னால் நடக்கிறவன்
போனை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு
"ஏட்டி, வாரியா?" என்கிறான்.

போகிறேன்.
இருபத்தெட்டு டன் நானூறு கிலோ என்று எழுதிக்கொண்டே
ஒரு பாலம் கடக்கிறேன்.
ஆற்றில், ஓரம் சுருண்ட ஆப்பம் ஆப்பமாய்
பனிக்கட்டி மிதந்து கடலுக்குப் போகிறது.
"தேங்காப்பாலுதான் இல்ல."

தூத்துக்குடி ஆகஸ்ட் வெயிலில்
பனிமய மாதா சப்பரத்தின் பின்னால்
உள்ளங்கால் கொப்பளிக்க நடந்தவன்.
பேரிலேயே பனியை வைத்துக்கொண்டு
முப்பத்தாறு வருஷம்
மீன் பெட்டியில் மட்டும் ஐஸைப் பார்த்தவன்.
இப்போது ஒரு கை அள்ளி
காட்டத் தெரியாமல் காட்டுகிறான்.
"எப்படி இருக்கு?"
"நம்ம பாத்தி உப்பு மாதிரி. ஆனா கரிக்கல."
தின்று பார்த்திருக்கிறான், பாவி.

மீன் சந்தை.
ஒவ்வொன்றாய்ப் பேர் கேட்கிறான் என்னிடம்.
அயிலைக்கு அக்கா மகள் போல ஒன்று,
சூரைக்குச் சொந்தம் ஒன்று,
மற்றதெல்லாம் யாரோ.
கம்பளித் தொப்பி போட்ட மீன்காரி
தராசு முள் நின்ற பிறகும்
ஒரு துண்டு தூக்கிப் போட்டாள்.
"அவ நல்லவ" என்றேன்.
முள்ளைப் பார்க்கிற முகங்களைப் பார்ப்பதுதானே
பதினோரு வருஷமாய் எனக்கு உத்தியோகம்.

குன்றின் மேல் ஒரு கோயில் தெரிந்தது.
"படி நெறைய. வேண்டாம்" என்றான்.
தெருமுனைப் பெட்டியில் காசு போட்டால்
சூடான டப்பாக் காப்பி விழுகிறது.
குடிக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டான்.
"நடக்கலியா?"
"இருந்து ஊரப் பாக்கேன்."
ரொம்ப நேரம் இருந்தான்.
நான் நான்கு லாரி எடை போட்டேன்.

எனக்குப் பன்னிரண்டரை, தகரக்கூரை காய்ந்து முறுகும் வெயில்.
அங்கே இருட்டிவிட்டது.
உச்சிப்பொழுதில் என் கைக்குள் ஓர் இரவு.
தெருவிளக்கின் கீழே என்னவோ விழத் தொடங்க
"ஏட்டி, இதப் பா—"
போன் செத்துப்போனது.
குளிரில் அப்படித்தான் ஆகுமாம். அப்போது தெரியாது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து
வீட்டுக்குப் போகவில்லை.
எனக்கும் ஒரு சீட்டு இருக்கட்டும், ஆறு மணி வரை.
பழைய துறைமுகத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி
கப்பலிலிருந்து வந்தவள் போல நடந்தேன்.
கடைப் பலகைகளை வாசிக்காமல் பார்த்தேன்:
சுழி, கொம்பு, கால், மறுபடி சுழி.
மக்ரூன் கடையில் விரலை மட்டும் நீட்டினேன்.
"எந்த ஊரும்மா?" என்றார் கடைக்காரர்.
சொல்லவில்லை.
தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
மூட்டை இறங்கும்போதெல்லாம்
தோணி ஒரு விரல் தாழ்ந்தது.
பிறந்த ஊரில் இதை நின்று பார்த்ததே இல்லை.

ராத்திரி எட்டுக்கு வந்தது செய்தி:
கப்பல் ஏறிட்டேன். ஊரு சின்னதுதான். நல்லாச் சுத்துனேன்.
கீழே ஒரு போட்டோ,
வெள்ளைத் தரையில் அவன் வந்த தடம்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
பாரம் சாய்ந்த லாரியை
கேட்டுக்கு வெளியிலேயே கண்டுபிடிப்பவள் நான்.
இடதுகால் ஆழமாய், அழுத்தமாய்.
வலதுகால் மேலோட்டமாய்,
அடிக்கு அடி பின்னால் இழுத்த கோடு.

வலது காலுக்கு என்ன ஆச்சு
என்று கேட்டிருக்கிறேன்.

நீல டிக் இரண்டும் விழுந்தாயிற்று.
மக்ரூன் பொட்டலம் பிரிக்கவில்லை.
அங்கே மணி பன்னிரண்டு, நாளைக்கு ஆகிவிட்டது.
இங்கே இன்னும் எட்டரை.